தூண்டிலும் தோழமையும்

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டுஷயர், டார்பிஷயர் ஆகிய இரு மாவட்டங்களுக்கும் இடையே எல்லையாக ஓடுவது டவ் என்னும் சிற்றாறு. அதன் கரையில் ஒரே அறை கொண்ட சதுரமான கல்வீடு ஒன்று நிற்கின்றது. அது கி. பி. 1674-இல் கட்டப்பெற்றது. மீன்பிடிப்போர்க்கென அவ்விடம் புனிதமாக்கப்பட்டது என்னும் பொருள்படும் இலத்தீன் தொடர் அதன் வாயிலின் மேல் பொறிக்கப்பட்டுள்ளது. தொடருக்குக் கீழே இருவருடைய பெயர்களின் முதலெழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒருவர் வீட்டைக் கட்டிய சார்லஸ் காட்டன். அப்போது அவருக்கு அகவை 44. மற்றவர் எண்பதைக் கடந்த ஐசக் வால்டன். முன்னவர் பெருநிலக்கிழார், கவிஞர், செலவாளி. பின்னவர் துணி விற்றுப் பிழைத்த நகர வணிகர். இவ்விருவர் பெயரையும் ஒரே கல்லில் பின்னி வைத்தது தூண்டில்.

வால்டன் 1593-இல் ஸ்டாஃபோர்டு நகரில் பிறந்தார். இளமையிலேயே லண்டன் சென்று ஃபிளீட் தெருப் பகுதியில் கடை நடத்தினார். அருகிலிருந்த தேவாலயத்தில் குருவாக இருந்தவர் புகழ்பெற்ற கவிஞர் ஜான் டன். அவர் வழியாகவும் பிறர் வழியாகவும் கற்றறிந்த சான்றோர் பலர் வால்டனுக்கு நண்பராயினர். அவர்களுள் முதன்மையானவர் ஈட்டன் கல்லூரித் தலைவர் சர் ஹென்றி வாட்டன். பல நாடுகளில் தூதராக இருந்து களைத்த அப்பெரியவர், ஈட்டன் அருகே தேம்ஸ் ஆற்றில் வால்டனோடு தூண்டிலிட்டு மகிழ்ந்தார். தூண்டிற்கலையைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதவும் எண்ணியிருந்தார். 1639-இல் அவர் மறைந்தார், நூல் எழுதப்படவில்லை.

வால்டன் இழந்தவை பல. முதல் மனைவி ஈன்ற ஏழு குழந்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. 1640-இல் மனைவியும் இறந்தாள். 1642-இல் மன்னருக்கும் பார்லிமென்டுக்கும் போர் மூண்டது. வால்டன் மன்னர் பக்கத்தவர். 1649-இல் மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டுண்டார். வால்டனின் நண்பர்களான குருமார் பலர் பதவி இழந்து நாற்புறமும் சிதறினர். பார்பல் மீனைத் தூண்டிலில் பிடிப்பதில் வல்லவர் என்று வால்டன் பாராட்டும் கில்பர்ட் ஷெல்டன் கூட ஆக்ஸ்ஃபோர்டில் தம் கல்லூரித் தலைமையை இழந்தவரே. 1651-இல் வூஸ்டர்ப் போரில் தோற்று ஓடிய இரண்டாம் சார்லஸின் பதக்கம் ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை லண்டனுக்கு எடுத்துச் சென்று, கோபுரச் சிறையிலிருந்த அரச கட்சிப் படைத்தலைவரிடம் சேர்ப்பித்தவர் வால்டன். பிடிபட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அப்போது அவருக்கு அகவை ஐம்பத்தெட்டு.

இத்தகைய மனிதர் 1653-இல் வெளியிட்ட நூல்தான் 'முழுமைபெற்ற தூண்டிற்காரர்' என்னும் பொருளுடைய 'தி கம்ப்ளீட் ஆங்லர்'. அதே ஆண்டில்தான் கிராம்வெல் பார்லிமென்டைக் கலைத்தார். ஆண்டின் இறுதியில் தாமே நாட்டின் காவலரானார். நூலிலோ போரைப் பற்றிய வெளிப்படையான புலம்பல் இல்லை. மே மாதக் காலைப் பொழுதில் லண்டனுக்கு வடக்கே டாட்டனம் குன்றேறிச் செல்லும் வழிப்போக்கர்கள் பேசத் தொடங்குகின்றனர். ஒருவர் தூண்டிற்காரர், ஒருவர் வேட்டைக்காரர், 1655-இல் வந்த இரண்டாம் பதிப்பில் வல்லூறு பழக்குபவர் ஒருவரும் சேர்கின்றார். யாருடைய தொழில் சிறந்தது என்று வழக்காடுகின்றனர். வேட்டைக்காரர் தோற்று மாணவராகின்றார். அதன்பின் லீ ஆற்றங்கரையில் சில நாட்கள் ஆசிரியரும் மாணவரும் மீன் பிடிக்கின்றனர். மழை பெய்தால் வேலியோரம் ஒதுங்குகின்றனர். பிடித்த சப் மீனைப் பால்காரப் பெண்ணுக்குக் கொடுத்து, மாற்றாக அவளைப் பாடச் சொல்லிக் கேட்கின்றனர். இரவில் விடுதி, அங்கே வேறு இரு நண்பர்கள் காத்திருக்கின்றனர். மீனை வறுத்துண்டு, பாடி, லாவெண்டர் மணக்கும் விரிப்பில் உறங்குகின்றனர். நண்பர்கள் ஒன்றுகூடுவதே ஐயத்துக்கு இடமான காலத்தில் இப்படி ஒரு நூல் எழுதப்பட்டது என்பதை நினைத்துப் படித்தால்தான் அதன் சுவை விளங்கும். வாட்டன் எழுதாமல் விட்ட நூலையும் வால்டன் மறக்கவில்லை. முன்னுரை மடலிலேயே அதைக் குறிப்பிடுகின்றார்.

நூல் முழுவதும் உரையாடலாக அமைந்திருப்பது ஆசிரியப் பணியில் உள்ளோர் கருதத்தக்கது. மாணவர் வினவுகின்றார், தவறு செய்கின்றார், மீனைத் தவற விட்டு நொந்து கொள்கின்றார். ஆசிரியர் சிரித்துத் திருத்துகின்றார். எனினும் இவ்வமைப்பு வால்டனின் சொந்தப் படைப்பன்று. 1577-இல் வெளிவந்து மறைந்துபோன தூண்டில் நூல் ஒன்றின் ஒரே படி பிற்காலத்தில் கிடைத்து, பிரின்ஸ்டனில் 1956-இல் அச்சேறியது. அதிலும் இதே தூண்டிற்காரரும் வழிப்போக்கரும் உரையாடுகின்றனர். வால்டன் அதைப் பார்த்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை. பார்த்து எழுதினாலும், அந்நூலில் இல்லாத மணத்தை இவர் ஊட்டினார் என்பதும் உண்மையே.

அக்காலத் தூண்டிற் கருவிகளை அறிந்தால் இந்நட்பின் இயல்பும் ஒருவாறு புலனாகும். இன்று தங்கூசி இருக்கும் இடத்தில் அன்று இருந்தது குதிரையின் வால்மயிர். உருண்டையாகவும் தெளிவாகவும் வடுவின்றியும் உள்ள மயிரைத் தேர்ந்தெடுத்து, சிலவற்றைச் சேர்த்து முறுக்கி ஒரு கண்ணி செய்வர். கண்ணிகளை முடிந்து முடிந்து கயிறாக்குவர். கோலின் நுனிப் பக்கம் மயிர்கள் மிகுதி. முள்ளை நெருங்க நெருங்கக் குறையும். மீனின் கண்ணுக்குக் கயிறு தெரியாதிருக்கச் சாயமேற்றுவதும் உண்டு. வால்டன் கூறும் பக்குவம் இது: வலிய பார்லி மது, அரை ராத்தல் புகைக்கரி, வால்நட் மரத்திலையின் சாறு, படிகாரம் ஆகியவற்றை அரை மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறியபின் மயிரை ஊறவிட வேண்டும். கண்ணாடி போன்ற இளம்பச்சை நிறம் ஏறும். சமையற் குறிப்புப் போலவே இருக்கின்றது!

கயிறு சுற்றும் உருளை அப்போதுதான் அரும்பிக் கொண்டிருந்தது. சால்மன் மீனுக்குச் சிலர் அதைப் பயன்படுத்துவதாக வால்டன் எழுதுகின்றார். ஆனால் சொல்லால் விளக்குவதைவிட நேரில் பார்த்து அறிவதே நன்று என்று விட்டுவிடுகின்றார். பெரும்பாலோர்க்குக் கயிறு கோல் நுனியிலேயே கட்டப்பட்டிருந்தது. பெரிய மீன் பற்றிக்கொண்டு ஓடினால் கயிற்றை விட்டுக் கொடுக்க வழியில்லை. இழுத்தால் மயிர் அறும். ஆகவே கோலையே ஆற்றில் எறிந்துவிடுவது வழக்கம். மீன் அதை இழுத்து அலைந்து களைத்தபின் கோலைத் தேடிப் பிடிக்க வேண்டும். விரைவும் வலிவும் இங்கே பயன்படா. பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். இவை ஒருவர் பக்கத்தில் மற்றொருவர் நின்று பல நாள் கற்பவை.

வால்டனிடம் குறையே இல்லை என்று கொள்ளலாகாது. பைக் மீன்களுள் சில ஒருவகை நீர்ப்பூண்டிலிருந்து பிறக்கின்றன என்று பழைய நூல்களை நம்பி எழுதினார். கிராம்வெல் படையில் இருந்த ரிச்சர்டு ஃபிராங்கு என்னும் தூண்டிற்காரர் இதைச் சுட்டி ஏளனம் செய்தார். 1694-இல் வெளியான அவர் நூலில் வால்டன் ஏட்டறிவினர் என்னும் பழிப்பே ஓங்கி நிற்கின்றது. தவளையை இரையாக முள்ளில் கோக்கும் முறையை வால்டன் கனிவான சொற்களால் விவரிப்பது, கொல்லாமையைப் போற்றி வளர்ந்தோர்க்கு உவப்பாக இராது. ஆங்கிலேயருக்கும் அது உவப்பாக இருக்கவில்லை: 1823-இல் பைரன் தம் 'டான் ஜுவான்' காவியத்தில் வால்டனைக் கொடியவர் என்றே சாடினார். செயற்கை ஈ கட்டித் தூண்டிலிடும் கலையிலும் வால்டன் தேர்ந்தவர் அல்லர். அப்பகுதிக்குச் சமையற்கலைஞரான தாமஸ் பார்க்கர் என்பவரின் நூலையே சார்ந்தார்.

இக்குறையை நிறைவு செய்தவர் காட்டன். இவருடைய தந்தையார் வால்டனின் நண்பர். 1658-இல் தந்தை இறக்க, பெரெஸ்ஃபோர்டு மாளிகையும் அதனோடு கடன்களும் மகனுக்கு வந்தன. டவ் ஆறு மாளிகையின் அடியில் ஓடியது. தெளிந்த நீர், கூரிய பார்வையுடைய ட்ரௌட் மீன். அங்கே புழுவும் தக்கையும் பயன் தரா. ஐந்தாறு கெஜ நீளமான மெல்லிய கோலும், முள்ளை அடுத்து இரண்டே மயிரும் கொண்டு, தொலைவில் நின்று ஈயை எறிய வேண்டும். மரமும் பாசியும் இல்லாத ஆற்றில் 20 அங்குல ட்ரௌட் மீனை இரண்டு மயிரால் பிடிக்க இயலாதவன் தூண்டிற்காரன் என்னும் பெயருக்கே உரியவன் அல்லன் என்பது காட்டன் கருத்து.

1676-இல் வால்டன் தம் நூலின் ஐந்தாம் பதிப்புக்கு ஆயத்தமானார். செயற்கை ஈ பற்றிய பகுதியைக் காட்டன் எழுதுவதென்று முன்பே பேச்சு. நாள் நெருங்கிவிட்டது. காட்டன் ஏறத்தாழப் பத்தே நாளில் எழுதி, மார்ச்சுத் திங்களில் அனுப்பினார். தந்தையும் நண்பருமானவர் என்று வால்டனை விளித்து அதைப் படைத்தார். அதுவும் உரையாடலே. வால்டனின் பழைய மாணவர் டவ் ஆற்றுக்கு வந்து, கல்வீட்டின் வாயிலில் பின்னிய எழுத்துகளைக் கண்டு வியக்கின்றார். தம் ஆசிரியர் இதைப் பார்த்தாரா என்று வினவுகின்றார். கல்லில் செதுக்கியபோது பார்த்தார். வாயிலின் மேல் ஏற்றிய பின் பார்க்கவில்லை என்பது விடை. அவர் கடைசியாக வந்தபோது சுவர் வாயில் வளைவளவுக்கு உயரவில்லை. இந்தக் கோடையில் வருவது ஐயம் என்று எழுதியிருக்கிறார். அவர் அனுப்பக்கூடிய செய்திகளுள் இதைவிடக் கொடியது வேறில்லை என்கின்றார் காட்டன். ஈ கட்டும் முறையைக் கூற வந்த நூலில் இவ்வரிகள் எதிர்பாராமல் நெஞ்சைத் தொடுகின்றன.

அவ்வாண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் வால்டன் எழுதிய விடைமடலும் அதே நூலில் அச்சாகியுள்ளது. இடையே நூறு கல்லுக்கு மேல் தொலைவு; தமக்கு நடப்பது எண்பத்து மூன்றாம் அகவை. இரண்டையும் மறந்து அடுத்த திங்களில் புறப்படுவதாக அவர் எழுதினார். பயணத்தை அவர் குறித்த சொல் திருத்தல யாத்திரைக்கு வழங்குவது.

வால்டன் 1683 டிசம்பரில் வின்செஸ்டரில் காலமானார். கடனாளியான காட்டன் அதற்கு முன்பே, 1681-இல், பெரெஸ்ஃபோர்டை விற்றுவிட்டார். 1687-இல் லண்டனில் இறந்தபோது அவர் விட்டுச் சென்றவற்றைப் பொறுப்பேற்றது கடன் கொடுத்தவரே. மாளிகை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. ஆற்றங்கரைக் கல்வீடு தனியார் நிலத்தில், வாயிலின் மேல் அந்த எழுத்துகளோடு, இன்றும் நிற்கின்றது.