நினைவுச் சின்னங்களும் நம் வரலாறும்

வரலாறு நூல்களில் மட்டும் வாழ்வதன்று. கோட்டைகளிலும், சிலைகளிலும், கல்தூண்களிலும், அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளிலும் அது மக்கள் கண்முன் நிற்கிறது. நூலைக் கற்போர் சிலர். சிலையைக் கடந்து செல்வோர் பலர். ஆதலின், எதனைப் பாதுகாப்பது, எதனை அகற்றுவது, எதன் கீழ் என்ன எழுதி வைப்பது என முடிவு செய்வோரே கடந்த காலத்தைப் பற்றிய மக்கள் எண்ணத்தை உருவாக்குகின்றனர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மையை நம் சமுதாயத்தார் நன்கு உணர்தல் வேண்டும். அக்காலத்தை வெள்ளையர் ஒரு வகையாக எழுதினர்; தேசிய இயக்கத்தார் வேறொரு வகையாக எழுதினர். இரண்டிலும் நம் முன்னோர் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே நின்றனர்.

1927: இரு நினைவுச் சின்னங்கள்

1927-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் எழுப்பிய இரு சின்னங்களின் முன் இந்திய மக்கள் திரண்டனர். அவ்விரண்டையும் ஒப்பு நோக்குதல் பயனுடையது.

ஒன்று, சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற நீல் சிலை. 1857-இல் காசியிலும் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமைகள் பல புரிந்து, அவ்வாண்டு செப்டம்பரில் இலட்சுமணபுரியில் மாண்ட படைத்தலைவன் அவன். அவனை வீரனென நினைவுகூரும் சிலையை அகற்ற வேண்டுமென 1927-இல் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தனர். பத்தாண்டுகட்குப் பின், 1937-இல், இராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் சிலை தெருவினின்று அகற்றப்பட்டது. 1952-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தது. நடுத்தெருவில் நின்றபோது அது போற்றுதலுக்குரியதாக வைக்கப்பட்டிருந்தது. அருங்காட்சியகத்தினுள் சென்றபின் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. உருவம் ஒன்றே, இடம் மாறியதால் பொருள் மாறிற்று.

மற்றொன்று, புனே அருகே பீமா ஆற்றங்கரையில் கோரேகானில் நிற்கும் கல்தூண். 1818 ஜனவரி முதல் நாள், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையைக் கம்பெனியின் சிறு படை அங்கே எதிர்த்து நின்றது. அப்போரில் மாண்டோர் நினைவாகக் கம்பெனி ஆட்சி அத்தூணை எழுப்பியது. அதில் பொறித்த பெயர்களுள் மகர் வீரர் பலர் உளர். கம்பெனியார் தம் வெற்றியைப் பறைசாற்றவே தூணை நட்டனர். தீண்டாமையை ஒழிக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததில்லை. பிற்காலத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பதையே அவர்கள் நிறுத்தியதும் வரலாறு.

அத்தூணின் முன்தான் 1927 ஜனவரி முதல் நாள் அண்ணல் அம்பேத்கர் வந்து நின்றார். பேஷ்வா ஆட்சியில் தீண்டத்தகாதார் தம் அடிச்சுவட்டைத் தாமே அழிக்க இடுப்பில் துடைப்பமும், எச்சில் நிலத்தில் விழாதிருக்கக் கழுத்தில் மண்கலயமும் கட்டி நடக்க நேர்ந்ததை அவரே பின்னர், 1936-இல், ‘சாதி ஒழிப்பு’ என்னும் நூலில் எடுத்துரைத்தார். அத்தகைய நிலையிலிருந்த மக்கள் ஆயுதம் ஏந்தி நின்றனர் என்பதற்குக் கோரேகான் கல் சான்றாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதமே மகத்துக் குளத்தில் நீர் அருந்தும் உரிமைப் போர் எழுந்தது. வெள்ளையர் தம் பெருமைக்கு நட்ட தூண், அங்குச் சென்று நின்ற மக்களால் தன்மானத்தின் தூணாயிற்று. இருநூறாம் ஆண்டு நிறைவான 2018 ஜனவரி முதல் நாள் அங்கே கூடியோர் மீது வன்முறை நிகழ்ந்ததை நோக்கின், நினைவு என்பது இன்றும் போராட்டக் களமே என்பது விளங்கும்.

நீல் சிலையை அகற்றக் கோரியதும் நேர்மையே. கோரேகான் தூணைப் போற்றியதும் நேர்மையே. ஆங்கில ஆட்சியை முழுதும் போற்றுவோரும் முழுதும் தூற்றுவோரும் இவ்விரண்டையும் ஒருங்கே விளக்க இயலாது. அவ்வாட்சி நம் மக்களுக்குச் செய்தது யாது, செய்யாது விட்டது யாது எனப் பகுத்தறிய வேண்டும்.

கோட்டையில் காணப்படாதோர்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் 1948-இல் திறக்கப்பட்டது. ஆளுநர்களின் ஓவியங்கள், கார்ன்வாலிஸ் சிலை, நாணயங்கள், வாட்கள், துப்பாக்கிகள், பதக்கங்கள் ஆகியவை அங்கே உள்ளன. இவை காணத் தக்கவையே. ஆயினும், அக்கோட்டைக்கு மண் சுமந்தோர் யார்? மூட்டை தூக்கியோர், துரைமார் வீடுகளில் சமையல் செய்தோர், குதிரை பேணியோர் யார்? சென்னைப் படையின் சுரங்க, பாலப் பணிப் பிரிவில் நம் மக்கள் பெருந்தொகையினராகச் சேர்ந்து கடல் கடந்தும் பணியாற்றினர். படைத்தலைவனுக்கு ஓவியம் உண்டு. பாலம் கட்டியவனுக்கு இல்லை. ஓவியம் வரையக் கூலி கொடுக்கும் வசதி யாரிடம் இருந்ததோ அவர்தம் முகமே எஞ்சுகிறது. பாதுகாக்கப்பட்டதே வரலாறு முழுவதும் என எண்ணுவது பெரும்பிழை.

நம்மவர் எழுதியவற்றின் நிலையும் அதுவே. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் வரலாறும் சமயமும் அரசியலும் பற்றி ஏராளமாக எழுதினார். 1914-இல் அவர் மறைந்தார். அவ்வெழுத்துகள் பெருந்தொகுப்பாக வெளிவந்தது 1999-இல்தான். இடைப்பட்ட காலத்தில் அவை கிடைத்தது, பழைய தாள்களை வீட்டில் பேணிக் காத்த எளிய மக்களால் என்பதை மறவாதீர்.

ஆவணமும் நிலமும்

பழந்தாள்களால் என்ன பயன் என வினவுவோர்க்கு ஒரு சான்று. 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் இழிநிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். அதன் பயனாக 1892-இல் அரசாணை பிறந்து, நிலங்கள் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. பிற வகுப்பார்க்கு அவற்றை விற்றல் ஆகாது என்பது நிபந்தனை. இவையே பஞ்சமி நிலங்கள். அவற்றுட் பல இன்று பிறர் கையில் உள்ளன. அவற்றை மீட்கக் கோரிச் செங்கற்பட்டுப் பகுதியில் காரணை மக்கள் 1994-இல் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர்.

அந்நிலம் நமதென்று மெய்ப்பிப்பது எது? எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் வட்ட அலுவலகங்களிலும் உள்ள பழைய பதிவேடுகளே. பதிவேடு அழிந்தால் உரிமையும் அழியும். ஆங்கிலேயர் தம் வரி வருவாய்க்கென எழுதி வைத்த ஏட்டில் நம் பாட்டனார் பெயர் இருக்கிறது. அதனைத் தேடிப் படிக்கும் கல்வி நமக்கு வேண்டும். கல்விக் கழகங்கள் தோன்றியதன் பயன் இதுவும் ஆகும்.

நாம் செய்ய வேண்டுவன

அருங்காட்சியகங்களுக்குச் செல்வோம், அங்குள்ளவற்றைக் காண்பதோடு இல்லாதவற்றையும் வினவுவோம். ஊர்தோறும் முதியோர் சொல்லும் செய்திகளை, ஊர்ப்பெயரும் ஆண்டும் குறித்து எழுதி வைப்போம். பழைய பட்டாக்கள், படைப்பணிச் சான்றுகள், பள்ளிச் சேர்க்கை ஏடுகள், மாநாட்டுத் துண்டறிக்கைகள், நிழற்படங்கள் ஆகியவற்றைக் கறையானுக்கு இரையாக்காது காப்போம். நம் கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு நடவடிக்கைக் குறிப்பேடுகளும் அவ்வாறே காக்கத்தக்கவை. இம்மலரும் அத்தகைய ஆவணம் ஒன்றே.

பெரும் மாளிகையும் கண்ணாடிப் பேழையும் இதற்குத் தேவையில்லை. கழக நூலகத்தில் ஓர் அலமாரி, பூட்டு ஒன்று, பொருள்களின் பெயரெழுதிய பட்டியல் ஒன்று, பொறுப்பேற்க இரண்டு இளைஞர்கள், இவை போதும். இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே அப்பணி தொடங்குக.