நீலகிரி மலை ரயிலும் பொறியியல் வரைபட இணைப்புகளின் வரலாறும்

அருவங்காடு, நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையில் அமைந்துள்ள ஊர். 1904-இல் தொடங்கப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இங்கு உள்ளது. நீலகிரி மலை ரயில் பாதையில் வெலிங்டனுக்கும் கேத்திக்கும் நடுவே அருவங்காடு நிலையம் உள்ளது. தொழிற்சாலை, ரயில் பாதை இரண்டுமே நூறு ஆண்டுகளைக் கடந்தவை. பழமையான ஓர் எந்திரம் தொடர்ந்து இயங்க இரும்பும் எரிபொருளும் மட்டும் போதா. அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய வரைபடமும், ஒரு வரைபடம் இன்னொன்றைச் சுட்டும் தொடர்பும் காக்கப்பட வேண்டும். இத்தொடர்பு காகிதத்திலிருந்து கணினிக் கோப்புக்கு மாறிய வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

பல்சக்கரப் பாதை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை 1899-இல் திறக்கப்பட்டது. 1908-இல் அது உதகமண்டலம் வரை நீண்டது. மொத்த நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் 12.5 அடிக்கு 1 அடி என்ற அளவில் உள்ளது. சாதாரணச் சக்கரங்கள் இந்த ஏற்றத்தில் வழுக்கும். எனவே சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி, தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பற்சட்டங்கள் பதிக்கப்பட்டன. ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த சட்டத்தின் இடைவெளி அமையும். எஞ்சினின் பற்சக்கரம் இவற்றைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. குன்னூருக்கு மேல், அருவங்காடு வழியாகச் செல்லும் பகுதியில் ஏற்றம் குறைவு என்பதால் பற்சட்டம் இல்லை.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தரையில் கிடக்கும் பற்சட்டத்துக்கு ஒரு வரைபடம், எஞ்சினில் சுழலும் பற்சக்கரத்துக்கு வேறொரு வரைபடம். ஆனால் இரண்டிலும் பல்லுக்குப் பல் உள்ள தூரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றில் அளவை மாற்றி மற்றொன்றை மாற்ற மறந்தால், இரண்டும் தனித்தனியே சரியாகச் செய்யப்பட்டிருந்தாலும் ஒன்றோடொன்று பொருந்தா.

நீல அச்சுக் காலம்

1842-இல் ஆங்கில அறிஞர் ஜான் ஹெர்ஷல் நீல நிறப் படியெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பின்னாளில் பொறியியல் அலுவலகங்கள் இதையே ‘புளூபிரிண்ட்’ என்ற பெயரில் கையாண்டன. மூல வரைபடம் ட்ரேசிங் துணியில் மையால் வரையப்பட்டு அலுவலகத்தில் காக்கப்படும். பட்டறைக்கு நீல அச்சுப் படி மட்டுமே செல்லும்.

ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் தலைப்புக் கட்டம் இருக்கும். அதில் வரைபட எண், அளவுவிகிதம், வரைந்தவர், சரிபார்த்தவர், திருத்த எண் ஆகியவை எழுதப்படும். முழு எஞ்சினின் தொகுப்பு வரைபடம் ஒவ்வொரு பாகத்தையும் அதன் வரைபட எண்ணால் சுட்டும். வரைபட இணைப்பின் தொடக்க வடிவம் இதுவே. இந்திய ரயில்வே வரைபடங்களில் திருத்த எண் ‘ஆல்ட்’ என்று குறிக்கப்படுகிறது. 1957-இல் லக்னோவில் உருவான ஆர்.டி.எஸ்.ஓ. என்னும் ஆய்வு, வடிவமைப்பு, தர அமைப்பு ரயில்வேயின் பொது வரைபடங்களை வகுத்து வருகிறது.

இம்முறையின் பலவீனம் படிகளில் இருந்தது. மூலத்தைத் திருத்தியபின் பட்டறையில் கிடக்கும் பழைய படிகளைத் திரும்பப் பெறாவிட்டால், பழைய அளவிலேயே பாகம் கடையப்படும்.

கணினியின் வருகை

1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இவான் சதர்லாண்ட் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலை உருவாக்கினார். அதில் ஒரு மூல வடிவத்தை வரைந்து, அதைப் பல இடங்களில் பயன்படுத்தலாம். மூலத்தைத் திருத்தினால் எல்லா இடங்களிலும் அது திருந்தும். படிகளைத் திரும்பப் பெறும் சிக்கலுக்கு இது ஒரு விடையாக அமைந்தது.

1982-இல் ஆட்டோகேட் வெளிவந்தது. 1990-இல் வந்த அதன் 11-ஆம் பதிப்பில் ‘எக்ஸ்ரெஃப்’ என்னும் வெளிக்கோப்பு இணைப்பு வசதி சேர்க்கப்பட்டது. இதன்படி, தொகுப்பு வரைபடத்துக்குள் பாகத்தின் வரைபடம் நகலெடுக்கப்படுவதில்லை. அந்தக் கோப்பு எங்கே உள்ளது என்ற பாதை மட்டுமே பதியப்படுகிறது. தொகுப்பைத் திறக்கும்போது நிரல் அந்தப் பாதையில் சென்று பாகக் கோப்பின் இன்றைய நிலையைக் காட்டுகிறது.

இணைப்பு அறுபடுதல்

இந்த வசதியிலேயே புதிய ஆபத்தும் இருந்தது. கோப்பின் பெயரை மாற்றினாலோ, வேறு கோப்புறைக்கு நகர்த்தினாலோ, தொகுப்பு அதைக் கண்டறியாது. பாகம் இருந்த இடத்தில் வெறும் பாதையின் பெயர் மட்டும் தெரியும். ஒருவரின் கணினியில் சரியாகத் திறக்கும் தொகுப்பு, மற்றவருக்கு அனுப்பியதும் வெறுமையாகத் திறப்பது இதனாலேயே.

இதைவிடப் பெரிய இழப்புக்கு எடுத்துக்காட்டு ஏர்பஸ் ஏ380 விமானம். ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் பிரான்சின் துலூசிலும் இருந்த குழுக்கள் ‘கேட்டியா’ மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தின. ஒரு விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் மின்கம்பி உண்டு. ஓரிடத்தில் செய்த கம்பிக் கட்டுகள் மற்றோரிடத்தில் பொருத்தும்போது நீளம் போதவில்லை. 2006-இல் இது வெளிப்பட்டது. விமானங்களை ஒப்படைப்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது.

பொன்மலையில் மறுபிறவி

நீலகிரியின் ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சின்களைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்த எஸ்.எல்.எம். நிறுவனம் செய்தது. முதல் தொகுதி 1914-இலும் கடைசித் தொகுதி 1950-களின் தொடக்கத்திலும் வந்தன. இவற்றில் நான்கு உருளைகள் உண்டு. உயரழுத்த உருளைகள் சாதாரணச் சக்கரங்களையும், தாழழுத்த உருளைகள் பற்சக்கரங்களையும் இயக்குகின்றன.

எஸ்.எல்.எம். இன்று பழைய வடிவில் இல்லை. எனினும் 2011 முதல் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை இதே வகையில் புதிய எஞ்சின்களைக் கட்டியது. முதலில் வந்தவை எண்ணெயால் இயங்குபவை. பின்னர் நிலக்கரியால் இயங்கும் எஞ்சினும் செய்யப்பட்டது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட பாதையில், பழைய பற்சட்டத்தைப் புதிய எஞ்சினின் பற்சக்கரம் பற்றியாக வேண்டும். அளவுகளின் தொடர்ச்சி நூறாண்டு கடந்தும் காக்கப்பட வேண்டியதன் தேவையை இது காட்டுகிறது.

கைக்கொள்ளப்படும் முறைகள்

மாணவர்கள் சிறு பயிற்சியிலிருந்தே பின்வரும் முறைகளைப் பழகலாம்.

ஒரு திட்டத்துக்கு ஒரே முதன்மைக் கோப்புறை வைத்து, இணைப்புகளைச் சார்புப் பாதையில் அமைத்தல். கோப்புறை முழுவதையும் நகர்த்தினாலும் இணைப்பு அறுபடாது.

கோப்பின் பெயரில் வரைபட எண்ணை வைத்தல். ‘கடைசி’, ‘புதிய கடைசி’ போன்ற பெயர்களைத் தவிர்த்தல்.

இரண்டு கோப்புகள் ஒன்றையொன்று சுட்டும் சுழல் இணைப்பைத் தவிர்த்தல்.

பிறருக்கு அனுப்பும்போது இணைந்த கோப்புகளையும் எழுத்துருக்களையும் சேர்த்தே அனுப்புதல்.

முடிந்த வேலையைக் காப்பகத்தில் வைக்கும்போது, வரைபட மென்பொருள் இல்லாமலும் படிக்கக்கூடிய பிடிஎஃப் படியையும் உடன் வைத்தல்.

தலைப்புக் கட்டம், பாகப் பட்டியல் ஆகியவற்றின் இந்திய நடைமுறையை, பள்ளி கல்லூரிகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட எஸ்.பி. 46 என்னும் நூலில் காணலாம். அன்றைய வரைவாளர் தாளின் மூலையில் மையால் எழுதிய எண்ணும், இன்றைய மாணவர் கோப்புக்கு இடும் பெயரும் ஒரே வேலையைச் செய்கின்றன. வரைந்தவர் இல்லாத காலத்திலும், அடுத்தவர் சரியான தாளைக் கண்டெடுக்க அவையே வழிகாட்டுகின்றன.