ஓரத்தில் எழுதிய 'சிக்'

விடுமுறைக்கு வந்த பேரன் போன வாரம் கணினி முன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். என்னப்பா என்றேன். "நான் எழுதின வரியைக் கம்பைலர் தூக்கிடுச்சு தாத்தா. அது தேவையில்லன்னு அதுவே முடிவு பண்ணிடுச்சு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவனுக்கு இது புதிதா?

மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்தின் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். நம் ஆபீஸ் பாஷையில், டிராஃப்டை வாங்கி ஃபேர் காப்பி எடுப்பவர்.

1950-களில் அமெரிக்காவில் அந்தக் கட்டளைகளைக் கையால் எழுதியவர்களுக்கு, 'எங்களைப் போல இயந்திரம் எழுதுமா' என்று ஓர் இளக்காரம் உண்டு. ஐபிஎம்மில் ஃபோர்ட்ரானை உருவாக்கிய ஜான் பேக்கஸுக்கோ ஒரே பயம்: கையால் எழுதியதன் பாதி வேகத்தில்தான் ஓடும் என்றால் யாரும் சீந்தமாட்டார்கள். ஐபிஎம் 704-ல் இருந்தவை மூன்றே இண்டெக்ஸ் ரெஜிஸ்டர்கள். எந்தக் கணக்குக்கு எதை எப்போது ஒதுக்குவது என்பது பெரிய தலைவலி. நிரல் எந்தப் பக்கம் அதிகம் திரும்பும் என்று எழுதுபவரே சொல்ல 'ஃப்ரீக்வென்ஸி' என்றொரு கட்டளைகூட வைத்தார்கள். 1957 ஏப்ரலில் ஃபோர்ட்ரான் வெளியே போயிற்று. அது எழுதித் தந்த கட்டளைகளைப் பார்த்து, அதைச் செய்தவர்களே பல இடங்களில் திகைத்தார்களாம்.

(ஐபிஎம்மின் பிரெஞ்சுக் கிளை கேட்டதற்கு, 1955-ல் லத்தீன் பேராசிரியர் ழாக் பெரே கணினிக்குக் கொடுத்த பெயர் 'ஒர்தினாத்தேர்'. உலகை ஒழுங்கு செய்யும் கடவுளுக்கு உரிய அடைமொழி அது. பிரெஞ்சில் படித்தவன் இதைச் சொல்லாமல் போக முடியுமா?)

கம்பைலருக்குக் கெட்டிக்காரத்தனம் கூடக் கூட வேறு தொல்லை வந்தது. டென்னிஸ் ரிட்சியின் சி மொழியில் யூனிக்ஸ் 1973-ல் திருப்பி எழுதப்பட்டது. அது ஓடிய பிடிபி-11-ல் வெளிக்கருவியின் நிலையும் நினைவகத்தில் ஒரு முகவரிதான். 'தயாரா, தயாரா' என்று அங்கே திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். பின்னாளில் வந்த கம்பைலர்களோ, 'இந்த நிரலில் யாரும் அந்த இடத்தை மாற்றவில்லையே, ஒரு தடவை பார்த்தால் போதாதா' என்று மிச்சத்தை வெட்டிவிடும். கருவி தயாராகி நிற்கும், நிரலுக்குத் தெரியாது. அதற்காகவே சி மொழியின் 1989 தர நிர்ணயத்தில் 'வோலடைல்' என்ற சொல் இடம் பெற்றது. நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் போய்ப் பார், உன் யோசனை வேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைப் பட்டியல் ஒன்று தட்டச்சுக்குப் போயிற்று. இரண்டு பேருக்கு ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து, ஒரே தெரு. கெட்டிக்காரத் தட்டச்சர், தவறி இரண்டு முறை வந்துவிட்டது என்று ஒன்றை நீக்கிவிட்டார். நானும் ஒப்பிட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் அந்தப் பெரியவர் படியேறி வந்தார். நாங்களும் "உங்க பேர்தான் இருக்கே, ஐயா" என்று காட்டிக்கொண்டே இருந்தோம். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட வரி வந்தால், பள்ளியில் பழகியபடி ஓரத்தில் சிவப்பு மையில் 'சிக்' என்று எழுதுவேன். உள்ளது உள்ளபடி என்று பொருள்.

பேரனிடம் இதைச் சொன்னேன். "அதேதான் தாத்தா" என்று அந்த ஒரு சொல்லைச் சேர்த்தான். மேசைமேல் கிடந்த சின்னப் பலகையில் விளக்கு எரிந்தது.


பெரியவருக்கு நிலுவை எட்டு மாதப் பணமும் வந்து சேர்ந்தது. வாங்கிக்கொள்ள அவருடைய மகள்தான் வந்தாள்.