இருட்டில் யாருக்குக் கண் தெரியும்? ஒரு விளையாட்டு விதியின் 50 வருட வரலாறு



எமது பிள்ளைகள் சிலர் விடுமுறை நாட்களில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் வைத்து ஒரு விளையாட்டு விளையாடுகிறார்கள். "குகை, பூதம், இருட்டு என்று என்னவோ பேசுகிறார்கள் சேர், இது என்ன?" என்று பெற்றோர் பலர் கேட்டீர்கள். பகடை பற்றிய மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள், அது எமது துறையல்ல. நாம் சொல்லப்போவது அதன் வரலாறு. அதிலும் ஒரே ஒரு விதியின் வரலாறு: இருட்டில் பார்ப்பது எப்படி?

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974ல் வெளியிட்டார்கள். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் மனிதன், குள்ளன், எல்ஃப் என்று ஆளுக்கொரு பாத்திரமாகி நிலத்தடிச் சுரங்கங்களுக்குள் இறங்குவார்கள். பலகை தேவையில்லை. கதை நடத்துபவர் வாயால் சொல்வதுதான் அவர்களுக்குக் காட்சி. ஆகவே "உனக்கு என்ன தெரிகிறது?" என்பதுதான் அந்த விளையாட்டின் முதல் கேள்வி.

1974 புத்தகத்தின் விதி வேடிக்கையானது. சுரங்கத்துக்குள் போகிறவன் தீப்பந்தமோ லாந்தரோ கொண்டுபோக வேண்டும். அங்கே வாழும் பூதங்களுக்கு வெளிச்சமே தேவையில்லை, இருட்டில் நன்றாகக் கண் தெரியும். ஆனால் அதே பூதம் ஒரு வீரனுக்குச் சேவகம் செய்யத் தொடங்கினால் அந்தப் பார்வை போய்விடும்! இதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை. இருட்டு எப்போதும் விளையாடுகிறவனுக்கு எதிராகவே இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். விளக்கு ஏந்தியவனைப் பூதங்கள் தூரத்திலேயே கண்டுகொள்ளும் என்றும் அந்தப் புத்தகம் சொன்னது. வெளிச்சம் பிடித்தவன் பார்க்கிறான், அதே நேரம் பார்க்கவும் படுகிறான்.

1978, 1979ல் வந்த புத்தகங்கள் இதற்கு விஞ்ஞான விளக்கம் கொடுக்க முயன்றன. குள்ளருக்கும் எல்ஃபுக்கும் "இன்ஃப்ராவிஷன்" இருக்கிறது, 60 அடி தூரம் வரை வெப்பத்தைப் பார்ப்பார்கள் என்று எழுதினார்கள். உடனே மேசைகளில் சண்டை தொடங்கியது. எலும்புக்கூட்டுப் பேய்க்கு உடம்புச் சூடு இல்லையே, அது தெரியுமா? குளிர்ந்த சுவரில் எழுதியிருப்பதை வாசிக்கலாமா? பக்கத்தில் தீப்பந்தம் எரிந்தால் கண் கூசாதா? விஞ்ஞானம் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் விஞ்ஞானமாகத்தான் கேட்பார்கள். அது வகுப்பறையில் நாம் அறிந்த விடயம்தானே.

1979 புத்தகம் இன்னொன்றும் சொன்னது. சில நிலத்தடிப் பிராணிகள் தம் கண்ணிலிருந்தே செங்கீழ்க் கதிரை வெளியே அனுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கொண்டு பார்க்கின்றனவாம்.

உறவுகளே, இது புதிய யோசனை அல்ல. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று கிரேக்க அறிஞர்களான யூக்ளிடும் தொலமியும் எழுதிவைத்தார்கள். அதை உடைத்தவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' நூலில் அவர் எளிய ஆதாரங்களை வைத்தார். சூரியனைப் பார்த்தால் கண் வலிக்கிறது. பிரகாசமான ஒன்றைப் பார்த்துவிட்டு இருட்டுக்குத் திரும்பினால் அதன் உருவம் சற்று நேரம் கண்ணிலேயே நிற்கிறது. அப்படியானால் வெளியிலிருந்து ஏதோ கண்ணுக்குள் வருகிறது. ஒளி பொருளில் பட்டு எம் கண்ணுக்கு வருவதால்தான் நாம் பார்க்கிறோம். அவர் கைவிட்ட யோசனை ஏறக்குறைய 950 வருடம் கழித்து ஒரு விளையாட்டுப் புத்தகத்தில் பூதத்தின் கண்ணாகத் திரும்பி வந்தது!

இதற்கு ஆதாரம் எமது மலைகளிலேயே இருக்கிறது. நக்கிள்ஸ் பக்கம் இரவில் டோர்ச் அடித்தால் சிறுத்தையின் கண் மின்னும். அது கண் விடும் வெளிச்சம் அல்ல. விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம் எமது டோர்ச் ஒளியையே திருப்பி அனுப்புகிறது. வெப்பத்தைப் "பார்க்கும்" உயிரும் இங்கே உண்டு. சிங்களத்தில் பலா பொலங்கா எனப்படும் பச்சைக் குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு குழி இருக்கிறது. எலியின் உடம்புச் சூட்டை அது அந்தக் குழியால் உணர்கிறது. அதுவும் எதையும் வெளியே அனுப்புவதில்லை, வருவதை வாங்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் கற்பனையாக எழுதிய இன்ஃப்ராவிஷன் எமது தேயிலைச் செடிக்குள் சுருண்டு கிடக்கிறது.

2000ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பு வெப்பக் கதையைக் கைவிட்டது. குள்ளருக்கு "டார்க்விஷன்", அதாவது இருட்பார்வை: 60 அடி, கறுப்பு வெள்ளையாக மட்டும். எல்ஃபுக்கு மங்கல் ஒளியில் மனிதனைவிட இரு மடங்கு தூரம் தெரியும், முழு இருட்டில் ஒன்றும் தெரியாது. இது உண்மைக் கண்ணுக்கு நெருக்கமான விதி. எமது விழித்திரையில் கூம்புகள் நிறத்தையும் கோல்கள் மங்கல் ஒளியையும் கவனிக்கின்றன. வெளிச்சம் குறையும்போது கூம்புகள் ஓய்ந்துவிடும், ஆகவே நிறம் மறைந்துவிடும். கோல்கள் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை செல்லும். சுபஹுக்குப் போகும்போது ஃபோன் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வாசலில் இறங்கினால் படி தெரியாமல் தடுமாறுவது அதனால்தான்.

2014ல் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதன் 9 இனங்களில் 6 இனங்களுக்கு இருட்பார்வை கொடுத்துவிட்டார்கள். விளைவு என்ன? தீப்பந்தம் வாங்க ஆளில்லை. "எல்லோருக்கும் கண் தெரிகிறது, போகலாம்" என்று நடந்துவிடுகிறார்கள். இருட்பார்வை உள்ளவனுக்கும் முழு இருட்டு மங்கலாகத்தான் தெரியும் என்று அந்த விதியே சொல்கிறது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். இருட்டு இருந்தும் பயம் இல்லாமல் போனது.

2023ல் கெல்சி டியோன் என்பவர் 'ஷேடோடார்க்' என்ற விளையாட்டை வெளியிட்டார். அதில் வீரர்கள் எவருக்கும் இருட்பார்வை கிடையாது. ஒரு தீப்பந்தம் எரிவது ஒரு மணித்தியாலம், அதுவும் மேசைக்கு வெளியே எமது கடிகாரத்தில் ஓடும் உண்மையான மணித்தியாலம். 50 வருடம் சுற்றிவிட்டு விதி மீண்டும் விளக்குக்கே வந்தது.

இதெல்லாம் மடுல்கெல்லவில் இருக்கும் எமக்கு எதற்கு?

விளக்கின் விலையை நாம் விளையாட்டில் அல்ல, வீட்டில் அறிந்தவர்கள். கரண்ட் வராத லயங்களில் குப்பி விளக்கில் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறை இன்னும் எம்மோடு இருக்கிறது. அந்தக் குப்பி விளக்கு சரிந்து எரிகாயம் பட்டவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர். அவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் டொக்டர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் ஒரு பாதுகாப்பான போத்தல் விளக்கை வடிவமைத்தார். மார்மைட் போத்தல் போலக் குட்டையாக, பாரமாக இருக்கும், இலேசில் சரியாது. சரிந்தாலும் உருளாதபடி இரு பக்கமும் தட்டை. எண்ணெய் கொட்டாதபடி திருகு மூடி. அந்தப் பணிக்கு 1998ல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இருட்டை வெல்ல மந்திரக் கண் தேவைப்படவில்லை. சரியாத ஒரு போத்தல் போதுமாக இருந்தது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது பழைய குப்பி விளக்குகள் மீண்டும் வெளியே வந்தன. அவை இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால் உயரமான, இலேசான போத்தலை இன்றே தூக்கிப் போடுங்கள்.

இன்னொரு விடயம். கோல்கள் வேலை செய்ய விற்றமின் ஏ வேண்டும். அது குறைந்தால் மாலைக்கண் வரும். பொழுது சாயும்போது பிள்ளை தடுமாறினால் "கவனமில்லை" என்று ஏசாதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். கங்குன், வல்லாரை, பூசணி, கரட் ஆகியவை எமது சந்தையிலேயே கிடைக்கின்றன.

பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிக் கேட்ட பெற்றோருக்கு எமது பதில் இதுதான். தடுப்பதற்கு முன் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் இருட்பார்வை இல்லாதவன் பெரும்பாலும் மனிதன்தான். அதனால் விளக்கைத் தூக்குகிறவனும் அவன்தான். அவன் தூக்கும் விளக்கு மற்ற எல்லோருக்கும் வழி காட்டும். பிள்ளை அதைப் புரிந்துகொண்டு விளையாடுகிறானா என்று பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.

குப்பி விளக்குக் காலத்து நினைவுகள் உள்ள பெரியவர்கள் கீழே எழுதுங்கள். எமது மாணவர்கள் வாசிக்கட்டும்.