சிவப்பு நிறச் சாட்சி

2004 அக்டோபர் 19. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நார்விச் என்ற ஊர். அங்குள்ள நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு ஜூலி அமெரோ அன்று மாற்று ஆசிரியை. நம்மூரில் ரிலிஃப் டீச்சர் என்போமே, அந்த வேலைதான். வகுப்புக் கணினியில் ஆபாசப் படங்கள் எழும்பின. மூட மூட வந்தன. கணினியை அணைக்கக் கூடாது என்று தன்னிடம் சொல்லியிருந்ததாகப் பிறகு அவர் கூறினார். மாணவர்கள் பார்த்துவிட்டார்கள்.

2007 ஜனவரியில் நான்கு குற்றச்சாட்டுகளிலும் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றனர். 40 ஆண்டுவரை சிறை விதிக்கலாம் என்ற நிலை.

அரசுத் தரப்பின் கணினிச் சாட்சி ஒரு போலீஸ் அதிகாரி. அவர் திரையில் ஓர் இணைப்பைக் காட்டினார். அது சிவப்பாக இருந்தது. சொடுக்கினால்தானே நிறம் மாறும்? அப்படியென்றால் டீச்சர்தான் சொடுக்கியிருக்கிறார். ஜூரிகளுக்கு இதைவிட எளிதாக என்ன வேண்டும்! வன்தட்டு ஒரு பக்கம் ஏற்றப்பட்ட நேரத்தைப் பதிந்து வைக்கும். ஏற்றியது விரலா, பின்னணியில் ஓடிய நிரலா என்பதை அந்தப் பதிவு தானாகச் சொல்லாது. அதைப் பிரித்துச் சொல்வதற்குத்தான் நிபுணர் கூண்டில் ஏறுகிறார். இந்த அதிகாரியோ கணினியில் வேவு நிரல் இருக்கிறதா என்று தேடவே இல்லை.

தேடிய ஒருவர் இருந்தார். எதிர்த்தரப்பு நிபுணர் அந்த வன்தட்டை ஆராய்ந்திருந்தார். ஆனால் அவருடைய ஆய்வு விவரங்கள் முன்கூட்டியே அரசுத் தரப்புக்குத் தரப்படவில்லை என்பதால் முழுதாகப் பேச நீதிமன்றம் விடவில்லை. எனக்கு இந்த வழக்கில் உறுத்துவது இதுதான். உண்மை அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது, வாய்தான் கட்டப்பட்டிருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு கணினிப் பாதுகாப்புத் துறையினர் சிலர் சம்பளமில்லாமல் இந்த வேலையில் இறங்கினார்கள். வன்தட்டின் நகலைத் திறந்து பார்த்தார்கள். விண்டோஸ் 98. காலாவதியான வைரஸ் தடுப்பு. சிகையலங்காரத் தளம் ஒன்றிலிருந்து கிளம்பிய விளம்பரச் சாளரங்கள். அந்தச் சிவப்பு? பக்கத்தை எழுதியவரே எழுத்துக்குச் சிவப்பு என்று நிரலில் குறித்திருக்கிறார். அவ்வளவுதான். சொடுக்கிய இணைப்புக்கு அந்த உலாவியில் அமைத்திருந்த நிறமே வேறு.

மாநிலத் தடயவியல் கூடத்தின் அறிக்கையும் விசாரணையில் சொல்லப்பட்டதற்கு முரணாக வந்தது. 2007 ஜூனில் நீதிபதி தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். பிழையான தகவலை ஜூரிகள் ஓரளவேனும் நம்பியிருக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம்.

மறுவிசாரணை நடக்கவே இல்லை. அரசு வழக்கைக் கைவிடவும் இல்லை, ஒன்றரை ஆண்டு இழுத்தது. 2008 நவம்பரில் ஒழுங்கீன நடத்தை என்ற சிறு குற்றத்தை அமெரோ ஏற்றுக்கொண்டார். 100 டாலர் அபராதம். கூடவே ஆசிரியர் உரிமத்தையும் ஒப்படைத்தார்.