ஆறடி நடைபாதை

நெல்லை சந்திப்பு ஈரடுக்குப் பாலத்தை வெளியூர் உறவினர்களுக்குக் காட்டும்போது, அதன் நீளத்தையும் வளைவுகளையும் பெருமையாகச் சொல்கிறோம். அதற்குள் இருக்கும் யோசனையைச் சொல்வதில்லை. பஸ்ஸும் லாரியும் மேல்தளத்தில். சைக்கிள் போன்ற சிறு வண்டிகள் கீழ்த்தளத்தில். கனத்த வண்டியும் சைக்கிளும் ஒரே தளத்தில் உரச வேண்டாம் என்று 1970களின் தொடக்கத்திலேயே நம் ஊர் கண்ட ஏற்பாடு அது.

ஏறக்குறைய அதே சமயத்தில்தான் ஹாலந்து நாட்டுக்கும் புத்தி வந்தது. 1971-இல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973-இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. பிறகு சைக்கிளுக்குத் தனிப்பாதைகள் போட ஆரம்பித்தார்கள். இன்று உலகமே அதைப் பார்க்கப் போகிறது. நாம் பாலத்தோடு நின்றுவிட்டோம்.

அன்றைக்கு நம் தெருக்களில் சைக்கிள்தான் ராஜா. உள்ளாட்சிக்கு வருஷக் கட்டணம் கட்டி, வில்லை வாங்கி வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். ராத்திரி விளக்கு இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடிக்கும். நம் வயதுக்காரர்களுக்கு இது மறந்திருக்காது. சைக்கிள்காரனிடம் வரி வாங்கிய அரசாங்கம் அவனுக்கென்று ஒரு முழ அகலம்கூட ஒதுக்கவில்லை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். நடைபாதைக்கு பிரெஞ்சில் 'த்ரொத்துவார்' என்று பெயர். விரைந்து நடப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நம் 'நடைபாதை'க்கும் பொருள் நடப்பதற்கான பாதைதான். ஆனால் இரண்டு மொழியிலும் அந்தப் பெயரைக் கடைச் சாமான்களும் மோட்டார் சைக்கிள்களும் படித்ததாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இதைத் திருத்திப் பார்த்த இடம் சென்னை பாண்டி பஜார். (பெயரைப் பார்த்துப் புதுச்சேரி என்று நினைக்க வேண்டாம், சௌந்தரபாண்டியனார் அங்காடிதான் அப்படிச் சுருங்கியது என்பார்கள்.) சென்னை மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் போகவேண்டும் என்பது அதில் ஒரு குறிக்கோள். அதற்கு முந்தைய ஆண்டே பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளுக்கு மாடிக் கட்டடம் கட்டி இடம் மாற்றியிருந்தார்கள். 2019 நவம்பரில், சுமார் 40 கோடி ரூபாய் செலவில், தியாகராய சாலையில் வண்டிகளுக்கான அகலத்தைக் குறைத்து, குடும்பத்தோடு உலாவும் அளவுக்கு நடைபாதையை அகலப்படுத்தித் திறந்தார்கள். வண்டி நிறுத்த இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். இன்றைக்கும் அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை. இருசக்கர வண்டிகள் நடைபாதையில் ஏறிய கதையும் உண்டு. கல் பதித்தால் மட்டும் போதாது, தினசரி கவனிக்க ஆள் வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

மேலப்பாளையத்துக்கு 40 கோடி வேண்டாம். ஆனால் இங்கே நடப்பவர்கள் யார் என்று பாருங்கள். சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கி வரும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், தொழுகைக்குப் போகும் பெரியவர்கள். செவ்வாய்க்கிழமை சந்தையென்றால் ஆடுமாடுகளும் சேர்ந்துகொள்ளும். இவர்களுக்காக யாரும் மனு எழுதுவதில்லை.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். நடைபாதை மக்களின் உரிமை, அது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஆறடி. உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் நம் முழங்கால்கள் ஏறாது.

வார்டு கவுன்சிலரைப் பார்க்கும் அன்பர்கள் இந்த இரண்டு அளவுகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். செத்த பிறகு ஆறடி எல்லோருக்கும் நிச்சயம். உயிரோடு நடக்கும்போது அதே ஆறடியைக் கேட்பதில் என்ன தப்பு?