ரசவாதம்: மாறுவது எது, மாறாதது எது?



இடி விழுந்த கோபுரக் கலசம் இரிடியமாக மாறிவிடும், அது கோடிக்கணக்கில் விலைபோகும் என்று சொல்லிப் பணம் பறித்தவர்கள் மீது தமிழகத்தில் பல வழக்குகள் பதிவாகியுள்ளன. கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்த சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் இப்பேச்சு எளிதில் நம்பப்படும். எனவே ஒரு பொருள் வேறொன்றாக மாறுவது என்றால் என்ன என்று அறிந்துகொள்வது நல்லது.

ரசவாதம் என்ற சொல்லில் உள்ள ரசம், பாதரசத்தைக் குறிக்கும். பாதரசத்தையும் செம்பையும் பொன்னாக்க முயன்ற கலை அது. சித்தர் மரபிலும் ஐரோப்பாவிலும் பலர் இதில் ஆயுளைச் செலவிட்டனர். பொன் கிடைக்கவில்லை, பற்பம், செந்தூரம் செய்யும் அறிவு வளர்ந்தது. 1964 முதல் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி அம்மருத்துவத்தைக் கற்பிக்கிறது. பாதரசத்தைக் கந்தகத்துடன் சேர்த்துப் பக்குவப்படுத்தினால் சிவந்த செந்தூரமாகும். நிறம் மாறினாலும் அதனுள் இருப்பது பாதரசமே. இது வேதியியல் மாற்றம்.

அறிவியல் கூறும் தனிம மாற்றம் வேறு. அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே தனிமத்தைத் தீர்மானிக்கிறது. செம்புக்கு 29, இரிடியத்திற்கு 77, தங்கத்திற்கு 79, பாதரசத்திற்கு 80. இடி செம்பை உருக்கலாம். 29-ஐ 77 ஆக்காது. அதற்கு அணுக்கருவே மாறவேண்டும். நைட்ரஜனிலிருந்து ஆக்சிஜன் பிறந்த நிகழ்வுக்கு வழிகாட்டிய ஆய்வை ரூதர்போர்டு 1919-இல் வெளியிட்டார். 2013-இல் இயங்கத் தொடங்கிய கூடங்குளம் முதல் உலையிலும் யுரேனியத்தின் ஒரு பகுதி புளுட்டோனியமாகிறது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 2015 முதல் 2018 வரை ஈய அணுக்கள் சில தங்கமாயின. கிடைத்தது மொத்தம் ஒரு கிராமின் லட்சம் கோடியில் 29 பங்கு மட்டுமே!

திருப்பலியில் அப்பமும் இரசமும் மாறுவது இவ்வகைகளில் சேராது. உட்பொருள் மாறுகிறது, புலன்களுக்குத் தெரியும் தோற்றம் அப்படியே இருக்கிறது என்று 1551-இல் திரிதெந்து பொதுச்சங்கம் கற்பித்தது. அது ஆய்வுக்கூடத்தில் அளந்து காணும் மாற்றம் அல்ல, விசுவாசத்தின் மறைபொருள்.

அன்றாடப் பேச்சிலும் குடியை விட்டவரைக் கண்டு "ஆளே மாறிட்டார்" என்கிறோம். ஆள் அவர்தான், வாழ்வுதான் மாறியது. 'புடம்போட்ட தங்கம்' என்பதும் அதுபோலவே. புடம் தங்கத்தை உண்டாக்குவதில்லை, கலந்திருக்கும் மாசை நீக்குகிறது.

யாரேனும் கலசத்தைக் காட்டி அவசரப்படுத்தினால், 29 எப்படி 77 ஆனது என்று கேளுங்கள். பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்த்த பணத்தைக் கொடுத்துவிடாமல், காவல்நிலையத்தில் தெரிவியுங்கள்.